மெத்தைக் கிடங்கில் பிறந்த பாட்டு

இப்போதெல்லாம் தெருவில் போகிறவன் எவனுக்கும் காது கிடையாது. இருக்கிற இரண்டையும் எதையாவது வைத்து அடைத்துக்கொண்டுதான் வீட்டை விட்டே இறங்குகிறான். தலையில் சுமையோடு, "தள்ளிப் போப்பா, மெத்தை வருது" என்று கத்தினாலும் திரும்ப மாட்டான். மோதிய பிறகு நம்மைத்தான் முறைப்பான். போன வாரம் ஒரு பெண் கடைக்கு வந்தது. மெத்தை எப்படி இருக்கிறதென்று பார்க்கப் படுத்தது. காதில் இருந்ததைக் கழற்றவில்லை. "பஞ்சு வேணுமா, ஸ்பாஞ்ச் வேணுமா" என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அது கண்ணை மூடி எதையோ முனகியபடி தூங்கியே போய்விட்டது. சுவரிடம் வியாபாரம் பேசினவன் மாதிரி நின்றேன்.

அது முனகிய பாட்டு எனக்குத் தெரியும். என் மெத்தைக் கிடங்கில் பிறந்த பாட்டு. அதைச் செய்தவன் என் தங்கை புருஷன்.

அவனைப் பற்றிப் பேப்பரில் நிறைய எழுதுகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தலையணையைப் பொட்டலம் கட்ட எடுத்து வைத்துக்கொள்வேன். கனவிலிருந்து இசையை அள்ளி வருகிறவர் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். எங்கள் கடையில் அவனுக்குப் பெயர் தூங்குமூஞ்சி. இரண்டும் ஒன்றுதான். பேப்பர்காரன் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினான், நாங்கள் சும்மா சொன்னோம்.

எங்களுக்குப் பழக்கமாவதற்கு முன்னால் மாப்பிள்ளை ஒரு பெரிய ஓட்டலில், ஜனங்கள் சாப்பிடுகிற கூடத்தின் மூலையில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். கரண்டிச் சத்தத்துக்கு நடுவே அவன் வாசிப்பை யார் கேட்டது? இரவு முழுக்க வாசித்துவிட்டுப் பகலில் எங்கே இடம் கிடைத்தாலும் சாய்ந்துவிடுவான். ஒரு மத்தியானம் என் கடைக்குள் வந்து, "படுத்துப் பாக்கலாமா?" என்றான். படுத்தான். அவ்வளவுதான். சாயங்காலம் வரை எழுந்திரிக்கவில்லை. நான் எழுப்புவதற்கு அளவுகோலை எடுத்துக்கொண்டு போனேன். மூலையில் உறை தைத்துக்கொண்டிருந்த என் தங்கை மெஷினை நிறுத்தாமல், "எழுப்பாதண்ணே, வாய் ஏதோ பாடுது" என்றாள்.

எழுந்ததும் பையைப் பறிகொடுத்தவன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தான். "போச்சு. நல்ல பாட்டு ஒண்ணு வந்துச்சு. கண்ணைத் திறந்தேன், போச்சு."

"பாட்டு வந்துச்சா? நான் பாக்கும்போது கொறட்டைதான் வந்துச்சு" என்றேன்.

என் தங்கை தலையைத் தூக்கவில்லை. ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளிக்கொண்டே மெல்ல முனகினாள். "இதுவா?"

அவன் அவளைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மறுநாள் திரும்ப வந்தான். கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கைப் பார்க்க வேண்டுமென்றான். மூன்று பக்கமும் கூரை வரை மெத்தை அடுக்கியிருக்கும். நடுவில் நின்று கையைத் தட்டினான். முகம் மலர்ந்துவிட்டது.

"சத்தம் திரும்பி வரல, பாத்தீங்களா?"

"வராம எங்க போச்சாம்?"

"மெத்தைக்குள்ள போயிடுச்சு."

"அப்ப மெத்தை அழுக்கானா நீதான் பொறுப்பு."

மரை கழண்ட ஆள் என்று நினைத்தேன். ஆனால் லாரி வரும் நாட்களில் மெத்தை இறக்க ஆள் தேவைப்பட்டது. இறக்கித் தருகிறேன் என்றான். சரி, ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போ என்று விட்டேன்.

அந்தக் கிடங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உள்ளே காலை வைத்ததும் தண்ணீருக்குள் தலையை அமுக்கியது போல் காது மெத்தென்று ஆகிவிடும். தெருவே இல்லாமல் போய்விடும். மேலே ஒரே ஒரு ஜன்னல். அதன் வழியாக வெயில் சாய்ந்து விழும். அதற்குள் பஞ்சுத் தூசி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் அப்படியே நிற்கும். நம் குரலே பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல் கேட்கும். சரக்கு எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கப் போன நானே, எதற்கு வந்தோம் என்பதை மறந்து உட்கார்ந்துவிட்டதுண்டு. அங்கே இருக்கும்போது கடன்கண்ணி, கோபம் எல்லாம் யாருடையதோ என்று தோன்றும். வெளியே வந்ததும் எல்லாம் நம்முடையதுதான்.

பஞ்சு அடிக்கிற மிஷினை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிறுத்துவோம். அதுதான் அவன் வேலை நேரம். வேலை என்றால் படுத்துக்கொள்வது. கண் பாதி மூடியிருக்கும், உதடு அசையும். என் தங்கை பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் உறையை வைத்துக் கையால் ஓரம் தைத்துக்கொண்டிருப்பாள். அவன் உதட்டிலிருந்து வருவதைப் பிடித்துக்கொள்வாள். அவன் விழித்ததும் திருப்பிப் பாடிக் காட்டுவாள். அவனுக்கு விழித்த மறுநொடி எல்லாம் மறந்துவிடும். அவள் இல்லையென்றால் பாட்டு இல்லை. இது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். பேப்பர்காரனுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் கிடங்கிலேயே ஒலிப்பதிவு மிஷினை வைத்துப் பதிவு செய்வார்கள். அதில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாடகி வந்து பாடுவதற்கு முன்னால், பாட்டு எப்படிப் போகும் என்று வேறு ஒருத்தர் பாடி வைக்க வேண்டும். டிராக் பாடுவது என்பார்கள். பாடகி அதைக் காதில் கேட்டுக்கொண்டே தன் குரலில் பாடுவாள். அவள் பாடி முடித்ததும் டிராக் குரலை அழித்துவிடுவார்கள். வீடு கட்டி முடிந்ததும் சாரத்தைப் பிரிப்பது மாதிரி. அவன் பாட்டுக்கெல்லாம் டிராக் பாடினவள் என் தங்கை.

முதலில் ஒரு சோப்பு விளம்பரம். அப்புறம் குடை விளம்பரம். அதற்குப் பிறகுதான் கடைக்கு வந்த பெண் முனகிய அந்தப் பாட்டு. பாடினது அதுவரை யாரும் கேள்விப்படாத ஒரு பாடகி. மழைக்கு ஒதுங்கினவள் மாதிரி வந்தாள், பாடினாள், போனாள். அடுத்த மழைக்குள் ஊரெல்லாம் அதே பாட்டு. முடி வெட்டுகிற கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரி லிஃப்டில். குழந்தை தூங்கவில்லையென்றால் அதைப் போட்டார்கள். கண்ணை மூடினால் யாரோ நெற்றியைத் தடவுவது போல் இருக்கிறதென்று சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் வெளியே சொல்லவில்லை.

அப்புறம் பாட்டு மேல் பாட்டு. பாடகிகள் வரிசையில் நின்றார்கள். அவன் கை வைத்தால் யார் பாடினாலும் ஓடும் என்று ஆனது. மற்ற இசைக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த மெத்தென்ற சத்தம் எங்கிருந்து வருகிறதென்று துப்பறிந்து, என் கடைக்கு வந்தார்கள். "அவர் பதிவு பண்ற இடத்துல இருக்கிற அதே மெத்தை, அதே பஞ்சு" என்று கேட்டு வாங்கிப் போய்ச் சுவரெல்லாம் அடித்தார்கள். ஒருத்தனுக்கும் அந்தச் சத்தம் வரவில்லை. "பஞ்சு சரியில்ல" என்று ஒருத்தன் சண்டைக்கு வந்தான். "பஞ்சு பாடாது தம்பி" என்று அனுப்பிவைத்தேன்.

என் தங்கையைக் கேட்டு அவன் கல்யாணம் பேச வந்தபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. "தூக்கத்துல வேலை பாக்கிற மாப்பிள்ளை எங்கயாவது உண்டா?" என்றேன்.

"முழிச்சிருந்து வேலை பாக்கிற நீ என்னத்தக் கிழிச்சுட்டே?" என்றாள் தங்கை. அதோடு பேச்சு முடிந்தது.

பெரிய கட்டடத்தில் பெரிய ஸ்டுடியோ போட்டான். மேடை மேல் மேடை ஏறினான், கேடயம் வாங்கினான். நானும் ஒருமுறை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். பாடகிக்கு நன்றி சொன்னான், டிரம் அடித்தவனுக்குச் சொன்னான், என் மெத்தைக்குக்கூடச் சொன்னான், ஜனங்கள் சிரித்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் கையைத் தட்டினாள். நான் தட்டவில்லை.

அப்புறம் ஒருநாள் அவனிடம், "ஒரே ஒரு பாட்டை நானே பாடுறேன்" என்று கேட்டிருக்கிறாள். "உன் குரல் வழி காட்டுறதுக்குத்தான்மா நல்லாயிருக்கும், தனியா நிக்காது" என்றானாம். "அப்ப இத்தனை நாள் பாடினதெல்லாம் எங்க?" என்று கேட்டாளாம். "அழிச்சாச்சு. அதுதானே வழக்கம்" என்றானாம்.

ஒரு பையை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தாள். தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். சாயங்காலம் அவளாகச் சொன்னாள். "பாத்திரம் கழுவினா பாத்திரமாவது மிஞ்சும்ணே. இவ்வளவு பாடினேன், ஒரு சொட்டு இல்ல."

அவன் கார் அனுப்பினான். இவள் காரைத் திருப்பி அனுப்பினாள். அப்படியே வருஷங்கள் போயின. கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அவன் பாட்டு வந்தால் அணைக்க மாட்டாள். மெஷினை மட்டும் வேகமாக மிதிப்பாள். தைக்கும்போது முனகுகிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அது நின்றுபோனது.

அவனுக்கும் பாட்டு நின்றுபோனது. சின்னப் பையன்களெல்லாம் அவன் பாணியில் பாட்டுப் போட்டு மேலே வந்துவிட்டார்கள். அவன் ஓய்வில் இருக்கிறான் என்று பேப்பரில் போட்டார்கள்.

போன மாதம் ஒரு மத்தியானம். கதவைப் பாதி இறக்கிவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குனிந்து உள்ளே வந்தான். கார் இல்லை. தலை நரைத்து, சட்டை தோளில் தொங்கியது. நேராகப் போய் முன்னால் போட்டிருந்த மெத்தையில் படுத்தான்.

"மாப்பிள்ளை, அது விக்கிறதுக்குப் போட்டிருக்கு" என்றேன்.

"தெரியும் மச்சான்." கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "பாட்டு வருது. தினமும் வருது. எந்திரிச்சா போயிடுது. பிடிச்சு வைக்க ஆளில்ல."

"மிஷின் வாங்கி வச்சுக்கோ. இப்ப எல்லாத்துக்கும் மிஷின் இருக்கு."

"வச்சேன். கொறட்டைதான் பதிவாகுது."

உள்ளிருந்து தங்கை வந்தாள். கையில் கத்தரிக்கோல். "அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். "பாட வேண்டாம். ஒரு தடவை ஸ்டுடியோவுக்கு வா. ஒண்ணு கேக்கணும் நீ. கேட்டுட்டுப் போயிடு."

"போகாத. டிராக் பாட ஆள் தேடி வந்திருக்கான். பாட்டுக் கம்பெனி நெருக்கியிருக்கும்" என்றேன்.

"ஆமா, நெருக்குது" என்றான். பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

அவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நானும் கிளம்பினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால்தான் போக வேண்டுமா? என் தங்கைக்கு மறுபடி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வர வயதில்லை. இவனுக்கு வேண்டியது அவளா, அவள் தொண்டையா என்று நான் பார்த்தாக வேண்டும்.

அந்த ஸ்டுடியோவுக்குள் போனால் என் பழைய கிடங்கு. சுவரெல்லாம் என் கடை மெத்தை. துணி மங்கி, தையல் பிரிந்திருந்தது. அது அவள் போட்ட தையல். கதவைச் சாத்தியதும் அதே தண்ணீருக்குள் போன மாதிரி ஆனது. மேலே ஒரு சின்ன விளக்கு, அதற்குள் தூசி நின்றது. எந்த வருஷத்தில் இருக்கிறோம் என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை.

அவன் மேசை முன்னால் உட்கார்ந்தான். மேசை நிறையத் தள்ளுகிற குமிழ்கள். ஒவ்வொரு குமிழும் ஒரு சத்தத்துக்கு. அந்த முதல் பாட்டைப் போட்டான். அறை நிரம்பியது. ஒரு குமிழைக் கீழே இழுத்தான், டிரம் போனது. இன்னொன்றை இழுத்தான், கிதார் போனது. கீபோர்டு போனது. பாடகியின் குரல் மட்டும் நின்றது. அவன் விரல் அதன் மேல் கொஞ்சம் தயங்கியது. அதையும் இழுத்தான்.

பாட்டு நிற்கவில்லை.

அடியில் ஒரு குரல் போய்க்கொண்டிருந்தது. மெல்லிசாக, யாருக்காகவும் பாடாத குரல். மடியில் துணியை வைத்துக்கொண்டு, ஊசி மேல் கண்ணை வைத்துக்கொண்டு பாடுகிற குரல். வார்த்தைகூடச் சரியாக இல்லை. என் தங்கையின் சின்ன வயதுக் குரல்.

அவள் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த பாட்டைப் போட்டான். எல்லாவற்றையும் இழுத்தான். அதிலும் அடியில் அவள். அடுத்ததிலும். ஊரெல்லாம் கண்ணை மூடிக் கேட்டது, நெற்றியைத் தடவினது, பாடகிகள் இல்லை.

நான் அசரவில்லை. "மாப்பிள்ளை, காது குத்தாத. இப்பல்லாம் செத்தவன் குரலையே பாட வைக்கிறானுங்க. நேத்து உக்காந்து பண்ணியிருப்ப."

அவன் முதல் பாட்டை மறுபடி போட்டு, அவள் குரலை மட்டும் ஏற்றினான். ஓர் இடத்தில் அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில், எங்கோ தூரத்தில், கிடங்குக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்: "தலகாணி தனியா கெடையாது! போ, போ!"

நான்தான்.

என் தங்கை சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "ஊரே உன் திட்டைக் கேட்டுக்கிட்டுத்தான் தூங்கியிருக்குண்ணே!" அவள் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"அழிச்சிட்டேன்னு ஏன் சொன்ன?"

"முதல் பாட்டுல அழிக்க மறந்துட்டேன். சத்தியமா மறதிதான். பாட்டு வெளிய போனப்புறம்தான் தெரிஞ்சுது. அதுக்கு அடுத்ததுல ஒழுங்கா அழிச்சேன். அந்தப் பாட்டு எந்திரிக்கவே இல்ல. எல்லாம் சரியா இருந்துச்சு, உயிர் இல்ல. பயந்துட்டேன். அப்புறம் எதையும் அழிக்கல. அடியில வச்சுட்டேன்."

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

அவன் குமிழைப் பார்த்துக்கொண்டே பேசினான். "சொன்னா நீ பாட ஆரம்பிச்சிருவ. பாடகி மாதிரி. இது அப்படிப் பாடினா வராது. யாரும் கேக்கலன்னு நெனச்சாத்தான் வரும்."

"அதனால நான் ஒண்ணுமில்லன்னு நெனச்சுக்கிட்டே கெடக்கட்டும்னு விட்டுட்ட."

"ஆமா" என்றான். "நீ பையைத் தூக்கினப்பவாவது சொல்லியிருக்கணும். அப்ப சொன்னா, பாட்டு நிக்கக் கூடாதுன்னு சொல்ற மாதிரி இருக்கும்னு தோணிச்சு. இப்ப சொல்றதும் அப்படித்தான் இருக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. "இத பாரு. ஒருத்தன் வீட்டுப் பண்டத்தை எடுத்துட்டுப் போயி, தொடச்சு, பத்திரமா வச்சிருந்தேன்னு சொன்னா, அது திருட்டு இல்லன்னு ஆயிடுமா? உன் மேடையில என் மெத்தைக்கு நன்றி சொன்னியே, மெத்தையா பாடுச்சு?"

"இல்ல மச்சான்" என்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

தங்கை எழுந்தாள். கிளம்புகிறாள் என்று நானும் எழுந்தேன். அவள் கதவுப் பக்கம் போகவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், பாடுகிற அறைக்குப் போனாள். மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். அங்கே மூலையில் ஒரு மெத்தை கிடந்தது. அதைக் காலால் தள்ளி நடுவில் போட்டாள்.

"வந்து படு" என்றாள் அவனிடம்.

அவன் எழுந்து உள்ளே போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"இந்தத் தடவை நீ டிராக் பாடு" என்றாள். "தூக்கத்துலயே பாடு. நான் மேல பாடுறேன். பாடகி யாரும் வேண்டாம். என் பேரை மேல போடு."

"கம்பெனிக்காரன் ஒத்துக்க மாட்டான்..."

"அது உன் பாடு."

அவன் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சாய்ந்தான். "கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிடுறேன்" என்றான். "என் குரலை என்ன பண்ணுவ?"

"அழிக்கிறதும் வைக்கிறதும் என் இஷ்டம். உன்கிட்ட சொல்ல மாட்டேன்."

அவன் சிரித்தான். கண்ணை மூடினான். அவள் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் துணியில்லாததால் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வெளிச்சத்தில் தூசி அசையாமல் நின்றது. அவன் மூச்சு மெல்ல மெல்ல நீண்டது. உதடு அசைய ஆரம்பித்தது. எங்கிருந்தோ ஒரு மெட்டு, தண்ணீருக்கு அடியில் யாரோ விளக்கை எடுத்துக்கொண்டு நடப்பது போல், வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றேன் என்று நினைக்கிறேன்.

அவள் என் பக்கம் திரும்பி விரலை உதட்டில் வைத்தாள். "அண்ணே, உன் மூச்சு மைக்ல விழுது. வெளிய போ."

காவலுக்குப் போனவனை அனுப்பிவிட்டார்கள். கதவை மெதுவாகத்தான் சாத்தினேன்.

வெளியே வெயில். தெருவில் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு, அவரவர் தூக்கத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தன் என் மேல் மோதிவிட்டு என்னையே முறைத்தான். அவன் காதிலும் என் தங்கைதான் பாடிக்கொண்டிருப்பாள், யார் கண்டது. நடுவில் நானும் கத்துவேன்.

மாப்பிள்ளை சொன்னதில் முக்கால்வாசியும் உண்மையாகவே இருக்கட்டும். வேலை ஆக வேண்டுமென்றால் மனிதன் உண்மையையும் சொல்வான். பாட்டு முடிந்து வெளியே வரட்டும், எவன் பெயர் மேலே இருக்கிறதென்று பார்த்துக்கொள்வோம். அவள் திரும்பி வந்தாலும் வரலாம், தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டு வைக்கப் போகிறேன், மூடி வைக்க மாட்டேன். இப்படி நினைத்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், உள்ளே கேட்ட அந்த மெட்டுக்கு என் கால் தாளம் போட்டுக்கொண்டு போகிறது. வேண்டுமென்றே காலை மாற்றிப் போட்டு நடந்தேன்.